எழுபத்தெட்டு உறைகள்

மடிப்பக்காவிடம் டாரட் சீட்டுப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முழிப்பது அவள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள். மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் துணி உறைகள் பரப்பிக் கிடக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு. வந்தவர் ஒன்றை எடுத்து, உருவிப் பார்த்து, மறுபடி உறைக்குள் போட்டுவிட வேண்டும். அவளிடம் காட்டக் கூடாது. என்ன படம் என்று சொல்லவும் கூடாது. அதைப் பார்த்ததும் மனசில் எது சுருக்கென்றதோ அதை மட்டும் அந்த முதுகிடம் சொல்லலாம். அவளுடைய பெரியப்பா மகனுக்கு மாமியார் ஒருத்தி உண்டு, வாய்த்துடுக்கு. "வாயைத் திறக்காம பல்லைப் பிடுங்குன்னு சொல்ற மாதிரி இருக்கே" என்று அவள் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மடிப்பக்கா எப்போதும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. அந்த நாற்காலியைத் திருப்பிப் போட அவளுக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மடிப்பு வேலை அவளுக்கு. ஆஸ்பத்திரி என்றால் எல்லாரும் டாக்டரை நினைப்பார்கள், மருந்து வாசனையை நினைப்பார்கள். கீழே, தரைக்கு அடியில், ஆவியும் வெள்ளைத்துணியுமாக ஒரு உலகம் இருக்கிறது. விடிந்ததிலிருந்து துணி வந்துகொண்டே இருக்கும். ஆவிக்குள் எதிரே நிற்பவரின் முகம் தெரியும், மறையும், மறுபடி தெரியும். விரிப்புகளை இரண்டு பேர்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, விறைப்பாக இழுத்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து ஒருத்தி தன் மூலைகளை மற்றவளின் கையில் கொடுப்பாள். குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. மடிப்பக்காவின் எதிர்முனையில் நின்றது அவளுடைய கூடப்பிறந்த தங்கை, எட்டு வயசு இளையவள். வீட்டிலும் கூடத்திலும் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பேர்.

சீட்டுக்கட்டு ஒரு தலையணை உறைக்குள் வந்தது. யாரோ நோயாளி வைத்துவிட்டு மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம்: துணிக்குள் கிடைத்த பொருளை ஒரு வருஷம் அலமாரியில் வைத்திருப்பார்கள், யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவளுக்கே அது. மடிப்பக்கா ஒரு வருஷமும் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. முடிந்த மறுநாள் போய் வாங்கிக்கொண்டாள்.

எழுபத்தெட்டுப் படம். அடியில் எழுதியிருந்த பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால் அவளே பேர் வைத்தாள். கத்தியும் தராசுமாக உட்கார்ந்திருப்பவள் தராசுக்காரி. தலையில் கட்டுப்போட்டு, கம்புகளை நட்டுக் காவல் நிற்பவன் வேலிக்காரன். பத்துக் கட்டையை அணைத்துத் தூக்கி முதுகு வளைந்தவன் சுமைக்காரன். ஒரு காலில் தலைகீழாகத் தொங்குகிறவன் தொங்கலான். மலை விளிம்பில் சின்ன மூட்டையோடு, கால் எங்கே வைக்கிறோம் என்று பாராமல் வானத்தைப் பார்த்து நடக்கிறவன் மூட்டைக்காரன். அவன் காலடியில் ஒரு நாய்.

சொந்தத்தில் வழக்கு என்றால் அவளிடம்தான் வந்தார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவள் சொன்னதே இல்லை. சீட்டு ஒரு கேள்வி கேட்கும், பதில் வந்தவர்தான் சொல்ல வேண்டும் என்பாள். சின்ன அத்தை ஒருத்தி, வந்த சம்பந்திகள் ஆறு மாதமாகக் கிளம்பவில்லை, போகச் சொல்ல வாய் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். வேலிக்காரன் விழுந்தான். "வேலி யாரைக் காக்குது அத்தை?" என்று கேட்டாள் மடிப்பக்கா. அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "வேலி அவங்களைக் காக்குது. நான்தான் வெளிய படுத்திருக்கேன்" என்றாள். போய் அன்றைக்கே பேசினாள். சம்பந்திகள் கோபித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் அத்தை தன் கட்டிலில் படுத்தாள்.

மடிப்பக்காவின் புருஷன் வண்டி பழுது பார்க்கிறவர். "கட்டு நாலு வருஷம் முந்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே கிடைச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார், வருகிறவர்களிடமெல்லாம்.

இதெல்லாம் நல்ல பேச்சு. இனி வருவதுதான் அவள் வெகுகாலம் யாரிடமும் சொல்லாதது.

ஐந்தாறு வருஷம் ஒரு கட்டைக் கையாண்டால் கைக்கு அது பழகிவிடும். தராசுக்காரியின் முதுகில் காபி சிந்திய பிறை. சுமைக்காரனின் மூலையை மகன் பல் முளைக்கிறபோது கடித்திருந்தான். மூட்டைக்காரன் ஆவிபட்டு ஓரம் சற்றே நெளிந்திருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு முதுகைப் பார்த்தால் முகம் தெரிந்தது. தெரிந்தும் வந்தவர்களுக்குக் குலுக்கித்தான் போட்டாள், ஒரே ஒரு தடவை தவிர.

அப்போது அம்மா படுக்கையில் விழுந்திருந்தாள். மடிப்பக்காவுக்கு இரண்டும் கைக்குழந்தை. சின்னவளுக்கு இருபத்தேழு வயசு. விரிப்பு வண்டி ஓட்டியவன் ஒருவன், சிரித்த முகம், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவன், கூட வா, கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். சின்னவள் அக்காவிடம் வந்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. சீட்டுப் போடு. அது என்ன சொல்லுதோ அதைச் செய்றேன்."

மடிப்பக்கா மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். தொங்கலான், சுமைக்காரன், நாலு கம்பு நட்ட வீடு. பொறு, சும, வீட்டைப் பார். மூன்றில் எதைத் தொட்டாலும் ஒரே பதில். மூட்டைக்காரன் அவள் தொடைக்கு அடியில் இருந்தான். சின்னவள் தொங்கலானை எடுத்தாள். தலையை ஆட்டினாள். வண்டிக்காரன் தனியாகப் போனான். அம்மா ஒன்பது வருஷம் கிடந்தாள். சின்னவள்தான் புரட்டிப் போட்டாள், ஊட்டினாள், கடைசியில் அம்மாவின் கண்ணை மூடிவிட்டாள். பிறகும் அக்காவின் எதிர்முனையில் நின்று மடித்துக்கொண்டே இருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள் காலை, விரிப்பின் எதிர்முனையிலிருந்து செய்தி தவணை தவணையாக வந்தது. நடந்து கிட்டே வந்தால்தானே காதில் விழும். முதல் நடையில், "புதுசா ஆஸ்பத்திரி திறக்கறாங்களாம்" என்றாள் சின்னவள். பின்னால் போனாள். அடுத்த நடையில், "அங்க சலவைக்கூடத்துக்கு மேற்பார்வைக்கு என்னைக் கேக்கறாங்க." அடுத்த விரிப்பில், "ரயில்ல ஒரு முழுப் பகல் தூரம்." மடிப்பக்கா மூலைகளை வாங்கிக்கொண்டாள். கடைசி நடையில் தங்கையின் முகம் ஆவியிலிருந்து முளைத்த மாதிரி வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன். சீட்டுப் போடு."

மடிப்பக்காவுக்கு மணிக்கட்டு இரண்டும் போய்விட்டிருந்தது. எதிர்முனையில் வேறொருத்தி நின்றால் இழுப்பு பிடிபடாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் படிப்புக்கென்று வெளியூர் பறந்துவிட்டார்கள். பேச்சுத் துணை என்றால் சின்னவள் ஒருத்திதான். மூன்று சீட்டு. கை பழகின மூன்றே சீட்டு. அவ்வளவுதான் வேலை.

மத்தியான ஓய்வில், காய்ந்து இன்னும் சூடு ஆறாத விரிப்புக் குவியல்மேல் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கனவில் கூடம் நீண்டுகொண்டே போனது. அவள் கையில் ஒரு விரிப்பின் இரண்டு மூலை. எதிர்முனையைப் பிடித்திருப்பது சின்னவள், இருபத்தேழு வயசுச் சின்னவள், அன்றைக்குப் போட்டிருந்த அதே பச்சை உடுப்பு. மடிப்பக்கா நடக்கிறாள். துணி குறையவில்லை. அவளும் கிட்டே வரவில்லை. ஓரமாகத் தொங்கலான் காய்கிற துணிபோலக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தான். மூட்டைக்காரனின் நாய் மட்டும் குவியலைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. தராசுக்காரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலை வாங்குகிறவள் குரலில், "இந்த விரிப்பை எத்தனை வருஷமாப் பிடிச்சிட்டு நிக்கிறே?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது ஓய்வு முடிகிற விசில் ஊதிவிட்டது. கன்னத்தில் துணியின் வரி பதிந்திருந்தது.

அன்று சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் கேட்டு, கிழிந்து கழித்த விரிப்பு இரண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாலு நாள் சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். சீட்டு அளவுக்கு ஒரே மாதிரி எழுபத்தெட்டு உறை. தலையணை உறை மாதிரியேதான், ஒரு பக்கம் திறப்பு. புருஷன் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். "சீட்டுக்கெல்லாம் குளிருதாமா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அவர் மெல்லக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். மேசையைப் பார்த்தாள். துணிக்காரிகள் அல்லவா, முதலில் தையலைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இல்லாம இப்ப எதுக்கு உறை?"

மடிப்பக்கா இந்தக் கேள்விக்காகத்தான் தைத்தாள். மேசை ஓரத்து உறைகளை நேராக்கினாள். பிறகு சொன்னாள். முதுகைப் பார்த்தால் முகம் தெரியும் என்பதிலிருந்து தொடங்கி, வண்டிக்காரன் நாள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் ஒரு உறையை எடுத்து விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"மூணுல எதை எடுத்திருந்தாலும்?"

"இருன்னுதான்."

"மூட்டைக்காரன் எங்க இருந்தான்?"

"என் தொடைக்கு அடியில."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது, மூச்சு வேறு வழி தெரியாமல் வெளியே வந்தது. "பதினேழு வருஷம் அவன்மேல உக்காந்திருக்கே நீ."

மடிப்பக்கா அழுதாள். சின்னவள் தேற்றவில்லை.

"அம்மாவைப் பார்த்துக்கிட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. நீ வாய்விட்டுக் கேட்டிருந்தா இருந்திருப்பேன். இல்ல, போயிருப்பேன். எதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு பாரு. அதைத்தான் நீ எடுத்துக்கிட்டே."

அப்புறம் எழுந்து வந்து, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். "எந்திரி. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

மடிப்பக்கா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே வெயிலில் யாரோ வீட்டுத் துணி காற்றில் புடைத்துப் புடைத்து அடங்கியது. பின்னால் உறைகளைக் கலைக்கிற சத்தம், ஈரமில்லாத இலைகள் உரசுகிற மாதிரி. ஒரு சீட்டை உருவுகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. துணி புடைத்தது, அடங்கியது. கடைசியில் கைப்பையின் கொக்கி கிளிக்கென்றது.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். எதுன்னு கேக்காதே."

கேட்கவில்லை. சின்னவள் அந்த மாதக் கடைசியில் புது வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அதுவரை இருவரும் மடித்தார்கள், தினம் நானூறு. கிட்டே வரும்போது பேச்சில்லை. எதிர்முனையிலிருந்து இழுப்பு மட்டும் முன்னைவிட விறைப்பாக இருந்தது. அவள் போனபிறகு மடிப்பக்காவைத் தலையணை உறை மேசைக்கு மாற்றினார்கள். அதைத் தனி ஆளாக மடிக்கலாம்.

வீட்டில் மிச்சம் எழுபத்தேழு. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எது இல்லை என்று தெரிந்துவிடும், அரைமணி வேலை. ஒரு நாள் கை ஒரு உறையின் வாய்வரைக்கும் போயேவிட்டது. நகக்கண் அளவு மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் எத்தனையோ படங்களில் உண்டு. உள்ளே தள்ளிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். சொந்தக்காரர்கள் வந்தால் என்ன செய்வது? வருகிறவர்கள் எடுப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தால், இன்றில்லாவிட்டால் நாலு வருஷத்தில், வராத சீட்டு எது என்று கணக்குத் தானே தெரிந்துவிடும். அதனால்தான் நாற்காலியை ஜன்னல் பக்கமே விட்டுவிட்டாள்.

பதினாலு மாதம் சின்னவளிடமிருந்து மூன்று கடிதம் வந்தது, மூன்றும் புது மெஷின்களைப் பற்றி. அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் வந்து நின்றாள். சதை போட்டிருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. அத்தானிடம் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள். மத்தியானம் மடிப்பக்கா கொடியிலிருந்து படுக்கை விரிப்பை எடுத்துக் கொண்டுவந்து, வழக்கமில்லாத வழக்கமாக ஒண்டியாக மல்லுக்கட்டியபோது, கேளாமலே வந்து எதிர் மூலைகளைப் பிடித்தாள். உதறினார்கள். நடந்து வந்தார்கள்.

"மிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்திருப்பே."

"பார்க்கல."

குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். இழுத்தாள். மறுபடி வந்தாள், முகத்துக்கு முகம்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணோட ஓரம். மஞ்சளா இருந்துச்சு. உடனே உள்ள தள்ளிட்டேன்."

சின்னவள் அக்காவின் கண்ணையே பார்த்தபடி சற்றுநேரம் மூலைகளை விடாமல் நின்றாள். பிறகு கையில் கொடுத்தாள்.

"அப்ப சரி" என்றாள். கொடியில் கிடந்த அடுத்த விரிப்பை எடுக்கப் போனாள்.