எல்லாருக்கும் அனுமதி கொடுத்தும் திறக்காத கல்யாணம்

மாகறலிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்மணி, கடையில் கிடந்த ஸ்டூலை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் போன். அது ஒலிக்கும்போதெல்லாம் எடுத்து, "இதோ ஆச்சுக்கா, அண்ணன் போட்டுக்கினே கீறாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. பார்க்க அனுமதி இல்லை என்பதுதான் அதன் பொருள் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுக்கிறேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. கழுத்தில் கேமரா தொங்கினால் மட்டும் ஏதோ ஒரு தைரியம். பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறைக்குள்கூட யாரும் ஏனென்று கேட்காமல் விடுவார்கள். அடுத்த வாரம் ஆல்பத்தைக் கொடுக்க அதே வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண்மணி மணப்பெண்ணின் சித்தி. மணப்பெண்ணின் அம்மா, அதாவது இவருடைய அக்கா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா இருந்தும், அம்மா இல்லாமல் அவர் தனியாக நிற்கக்கூடாது என்று, சித்தியும் சித்தப்பாவும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான்தான் எடுத்தேன். மணப்பெண்ணின் அம்மாவுக்குக் கண் சரியில்லை, போன் திரையில் எல்லாமே புகையாகத் தெரிகிறதாம். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை கூடத்தில் இருக்கும் பெரிய டிவியில் பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கி வைத்திருந்தார். எங்கள் பெட்டியிலிருந்து ஒரு முகவரி கொடுத்தால் அந்த டிவியில் திறக்கும். அன்றுதான் அந்த வெள்ளி. அதை விட்டால், ரம்ஜானுக்கு அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போகிறது, இவரையும் கூட்டிக்கொண்டு. பிறகு எப்போது வாய்க்குமோ.

எங்கள் பெட்டி என்று சொன்னது கடையின் பின்பக்கம் பீரோவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டது; என் மேசைத் திரையும் அதோடு இணைத்ததுதான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக என் மச்சான், என் மனைவியின் தம்பி, அமைத்துக் கொடுத்தான். சென்னையில் அந்த மாதிரி வேலைதான் செய்கிறான். படங்களை எடுத்து வெளியாருக்குக் காட்டுவதற்கென்று அதற்குள் ஒரு சர்வீஸ் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பான். சில வாரங்களுக்கு முன் யாரோ அந்த சர்வீஸ் வழியாக உள்ளே புகுந்து, ஒரு வளைகாப்பு ஆல்பம் இருந்த இடத்தில் கண்டதையும் காட்டும்படி செய்துவிட்டார்கள். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டான்.

"மாமா, இந்த தடவ ஒரு பாலிசி போட்டுக்கீறேன். அந்த சர்வீஸ் அதுக்குன்னு வுட்ட எடத்த தவுர வேற எதையும் தொடாது. எவன் உள்ள பூந்தாலும் அதோட நிக்கணும். இத்த மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

"சரி மச்சான்."

"புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது" என்றேன். புரியவில்லை என்று சொல்வதற்கும் எனக்கு வெட்கம்தான்.

அதற்குப் பிறகு வந்த முதல் கல்யாணம் இது. வீடியோவைக் கோர்த்து முடித்து, வெளியாருக்குக் காட்டும் ஃபோல்டரில் வைத்துவிட்டேன். வெளியாருக்கான முகவரியில் அது திறக்கவில்லை. வலது பக்கம் அழுத்தி அனுமதிப் பட்டியலைப் பார்த்தேன். உரிமையாளர் நான். பார்க்கலாம் என்று எனக்குக் கொடுத்தேன், குழுவுக்குக் கொடுத்தேன், மற்ற எல்லாருக்கும் கொடுத்தேன். திருத்தலாம், ஓட்டலாம் என்று கண்ணில் பட்ட கட்டத்தில் எல்லாம் டிக் அடித்தேன். மறுபடியும் அதே வரி.

"இன்னாணே, உன் பொட்டி, நீ எடுத்த படம். உனுக்கே தொறக்க மாட்டேங்குதா?" என்றார் சித்தி.

"எனக்குத் தொறக்குது. அக்காவுக்குக் காட்டத்தான் மாட்டேங்குது."

"யாரு, பொட்டியா?"

"பொட்டிதான்."

"நீ சொன்னா கேக்காதா?"

நான் சொன்னால் அது கேட்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம் என்னை மேலும் குழப்பியது. அதே ஃபோல்டரில் மாலை மாற்றும் படம் ஒன்று, சோதனைக்காகக் காலையில் போட்டது, நன்றாகத் திறந்தது. குவைத்திலும் தெரிந்தது. "மால தெரியுது, அப்றம் ஒண்ணும் இல்ல" என்று அந்த அம்மா போனில் சொன்னார். படத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே உரிமையாளர், அதே டிக்குகள், அதே ஃபோல்டர். ஒன்று போகிறது, இன்னொன்று நிற்கிறது. வீடியோவின் பெயரை மாற்றினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மேசையைக்கூட ஒருமுறை துடைத்தேன்.

மச்சானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவர்கள் போனை வெளியே வைத்துவிட வேண்டும். டீ குடிக்க வெளியே வந்தால்தான் பார்ப்பான். கூப்பிடு என்று மெசேஜ் போட்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கடையில் ஆள் இல்லாவிட்டால் என் கடையில்தான் இருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு தன் போனில் என்னவோ தேடினார்.

"தலைவரே, இது ரொம்ப பேருக்கு இருக்குற பேஜாரு. எல்லாரும் ஒரே மருந்துதான் சொல்லிக்கினு கீறானுங்க. அந்தப் பாலிசிய ஆஃப் பண்ணு. ஒரு வரிதான். இந்தா பாரு."

"மச்சான் ஆஃப் பண்ணாதன்னு சொல்லிக்கீறான்."

"உன் மச்சான் மெட்ராஸ்ல டீ குடிக்கிறான். இங்க இந்தம்மா ஒக்காந்துக்கினு கீது. போட்டுட்டு, பாத்து முடிச்சதும் மறுபடி ஆன் பண்ணிடு. காலையில ஷட்டர தொறக்குற, ராத்திரி மூடுற, அவ்ளோதான் மேட்டரு."

"ஷட்டர தொறந்து வெச்சிட்டு நீ வூட்டுக்குப் போவியா?" என்றார் சித்தி அவரைப் பார்த்து.

"எங்கிட்ட இன்னா கீது திருட? ஏ4 பேப்பரு."

சித்தி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ்காரர் காட்டிய வரியை அடித்து வைத்துவிட்டு, விரலை என்டர் மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெட்டியில் இந்த ஒரு கல்யாணம் மட்டும் இல்லை. அலங்கார அறைகளில் எடுத்தவை, வளைகாப்புகள், மஞ்சள் நீராட்டுப் பெண்கள் எல்லாம் அதில் இருந்தன. மறுபடி யாராவது புகுந்தால் எந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நான் நிற்பது? இங்கே சித்தியின் போன் மறுபடி ஒலித்தது. "டேய் நைனா, அவங்க வந்துடுவாங்கடா, சொல்லுடா" என்று அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டார். என்னைவிட மிஞ்சிப் போனால் நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

அழுத்துவதா விடுவதா என்று என்னால் முடிவு செய்யவே முடியவில்லை. நான் அழுத்தாமல் இருந்தது துணிச்சலால் அல்ல. அதற்குள் மச்சான் கூப்பிட்டுவிட்டான்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, வீடியோவ அந்த ஃபோல்டருக்கு காப்பி பண்ணீங்களா, கட் பண்ணி ஒட்டுனீங்களா?"

"கட் பண்ணி ஒட்டினேன். எப்பவும் அப்படித்தானே."

எங்கள் தொழிலில் ஒரு கல்யாணம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், திருத்தாததை எடுத்து ஆல்பம் போடக் கொடுத்துவிடுவோம். அதனால் வேலை முடிந்ததும் வெட்டி, போக வேண்டிய இடத்தில் ஒட்டுவதுதான் என் வழக்கம். கேமரா கார்டிலிருந்து எடுக்கும்போது மட்டும் காப்பி. கார்டில் உள்ளதை டெலிவரி வரைக்கும் அழிக்க மாட்டோம். காலையில் போட்ட மாலைப் படம் அப்படி, கார்டிலிருந்து நேராகக் காப்பி எடுத்தது.

"அதான் மாமா. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் கீது. உங்க ஃபோல்டர்ல பொறந்த ஃபைலுக்கு உங்க வூட்டு லேபிள். கட் பண்ணி ஒட்டுனா அதே லேபிளோட போயி ஒக்காந்துக்கும். காப்பி பண்ணா புது எடத்து லேபிள் வந்துடும். சர்வீஸுக்கு உங்க வூட்டு லேபிள தொட அனுமதி இல்ல."

"ஆனா எல்லாருக்கும் நான் அனுமதி கொடுத்துட்டேனே?"

"அது நீங்க குடுக்குற அனுமதி. இது அதுக்கு மேல. நீங்க சரின்னாலும் பாலிசி சரின்னு சொல்லணும்."

"உரிமையாளர் நான்தானே?"

"நீங்கதான். அத்த யாரும் இல்லன்னு சொல்லல."

"அந்த லேபிள் எங்க இருக்கு? நான் பாத்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நீங்க பாக்குற எடத்துல தெரியாது மாமா. இருங்க, ஒரு வரி அனுப்புறேன். அந்த ஃபோல்டர்ல இருக்குறதுக்கெல்லாம் சரியான லேபிள ஒட்டிடும். பாலிசிய ஆஃப் பண்ண வேணாம்."

ஜெராக்ஸ்காரருடைய வரியை அழித்தேன். மச்சான் அனுப்பியதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். எழுத்து இரண்டு முறை தவறியது. பிறகு சரியாக விழுந்தது. எந்தச் சத்தமும் இல்லை, எந்தச் செய்தியும் வரவில்லை. எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்கப் போனேன்.

அப்போது, இன்னும் வைக்காமல் இருந்த சித்தியின் போனிலிருந்து நாதஸ்வரம் கேட்டது.

"வந்துட்ச்சி! வந்துட்ச்சி!" என்று ஜெராக்ஸ்காரர் என் முதுகில் தட்டினார்.

"அக்கா, தாலி கட்டுறதுக்குத் தள்ளிக்கோ, நேரம் இல்ல" என்றார் சித்தி.

"ஏன்டி தள்ளணும்? தாரையிலேர்ந்து வரட்டும்." பிறகு நெடுநேரம் மந்திரச் சத்தம் மட்டும். திடீரென்று, "ஏன்டி, சொம்ப இன்னாத்துக்கு அவ்ளோ ஒசர தூக்குன? தண்ணியெல்லாம் கொழந்த பொடவ மேல ஊத்தற."

"கை நடுங்கிச்சிக்கா. நீ நிக்க வேண்டிய எடத்துல நின்னா உனுக்கு நடுங்காதா?"

கெட்டிமேளம் வந்தது. நான் எடுத்ததுதான், ஆனாலும் அந்தச் சின்னப் போனில் குவைத் போய்த் திரும்பி வந்து கேட்டபோது வேறு யாருடைய கல்யாணமோ போல் இருந்தது. சத்தம் அடங்கியதும், "கட்டிட்டான்" என்றார் அந்த அம்மா. "நல்லாத்தான் கட்டிக்கீறான். கேட்டு தொறக்குற சத்தம் கேக்குது. வெக்கிறேன்டி." போன் நின்றது.

சித்தி முந்தானையால் கண்ணையும் போனையும் சேர்த்துத் துடைத்தார். ஜெராக்ஸ்காரர் டீ சொல்லப் போனார்.

நான் மாலைப் படத்தையும் வீடியோவையும் மறுபடி பக்கத்தில் வைத்து அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். உரிமையாளர் நான். டிக்குகள் எல்லாம் அடித்தபடி. சற்று முன் நின்றுபோனபோது எப்படி இருந்ததோ அதே போலத்தான் இருந்தது. எந்த இடத்தில் எது மாறியது என்று கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"இன்னாணே, இன்னும் இன்னாத்த பாத்துக்கினு கீற? அதான் தொறந்துகிச்சே" என்றார் சித்தி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தபடி.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.