எண்ணெய் குடிக்காத வாத்து

அவரை எல்லோரும் வாத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானூறு வாத்துகளும் ஒரு பழைய மூன்று சக்கர வண்டியும்தான் சொத்து. நாற்பத்தாறாவது வயதில் அவருடைய வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு. உடம்பைக் குறைங்க" என்றார்.

அன்றைக்கே அவர் மனைவி எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். தையல் வேலை செய்பவர், எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். வீட்டில் தாளிக்கிற சத்தமே இல்லை. மகள் முணுமுணுத்துக்கொண்டே அவித்த காய்கறியை விழுங்கினாள். மூன்று மாதம் கழித்து டேப்பைச் சுற்றினால், இடுப்பு ஓர் அங்குலம் கூடியிருந்தது.

"வெளியில எங்கயோ பொரிச்சது சாப்பிடுறீங்க!"

"சத்தியமா இல்லம்மா."

மனைவி அவர் சட்டையை மோந்து பார்த்தார். வாத்து நாற்றம்தான் அடித்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

அந்த வாரம் கடைக்கு அனுப்ப வாத்துகளை அறுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார் வாத்துக்காரர். சோளம் மட்டுமே போட்டுக் கொழுக்க வைத்தவை. தோலுக்கடியில் விரல் தடிமனுக்குக் கொழுப்பு. கல்லீரலோ பெரிதாக, வெளிறிப்போய் மஞ்சளாக இருந்தது. இருபது வருடமாகப் பார்ப்பதுதான். அன்றைக்கு என்னவோ கத்தி பாதியில் நின்றது.

தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டார்.

"டாக்டரம்மா, இதுங்களுக்கு நான் ஒரு சொட்டு எண்ணெய் ஊத்துனதில்ல. இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்துச்சு?"

"சோளத்துல எண்ணெய் கொஞ்சம் இருக்கு. மீதியை அதோட கல்லீரலே செஞ்சுக்குது. சோளத்துல இருக்கிற மாவுச்சத்து வயித்துல சர்க்கரையாகும். தேவைக்கு மேல இருக்கிறதைக் கல்லீரல் கொழுப்பு அமிலமா மாத்தும். மூணு மூணா கோத்துக் கொழுப்பாக்கி, தோலுக்கடியில சேர்த்து வெக்க அனுப்பிடும்."

"மனுஷனுக்கும் இப்படித்தானா?"

"வாத்து அளவுக்கு இல்ல. நம்ம உடம்புல சேர்றதுல பெரும்பகுதி நாம சாப்பிட்ட கொழுப்புதான். ஆனா இனிப்பு அளவுக்கு மீறினா நம்ம கல்லீரலும் செய்யும். செஞ்சதுல கொஞ்சம் அங்கயே தங்கிடும். அதோட, சர்க்கரை எரிஞ்சுக்கிட்டு இருக்கிறவரைக்கும் உள்ள இருக்கிற கொழுப்பு சரியா எரியாது. ஏன் கேக்குறீங்க?"

வாத்துக்காரர் விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா ஊசியை மூடிவிட்டு, "ஒரு நாளைக்கு என்னென்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் விரல்விட்டு எண்ணினார். ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எண்ணெயை விட்டதிலிருந்து பசி தாங்காமல் இரண்டு பாட்டில் கூல்டிரிங்க்ஸ். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"அதான் சர்க்கரை டப்பா அப்படிக் காலியாச்சா!" என்றார் மனைவி. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பரணிலிருந்து எண்ணெய் பாட்டிலை மட்டும் இறக்கி வைத்தார்.

முதல் வாரம் அவர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். சர்க்கரையில்லாத டீ கஷாயம் மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஐந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. "இப்படியே விடாம இருங்க" என்றார் டாக்டர்.

மனைவி டேப்பை எடுத்தார். மூன்று அங்குலம் குறைவு. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"சேர்ந்தது எப்படின்னு புரிஞ்சுது. இப்போ போச்சே, அது எந்த வழியாப் போச்சு?"

"வேர்வையில போயிருக்குமோ?"

"தெரியாம அடிச்சு விடாதீங்க."

டாக்டரம்மா அடுத்து வர இன்னும் இருபது நாள் இருந்தது. அவ்வளவு நாள் யார் பொறுத்திருப்பது? வாத்துக்காரர் போனை எடுத்தார். மனைவியும் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.