ஸ்டெல்லா உடைத்த வளையல்கள்

என் பேத்தி ஜெனி கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி பாலிடெக்னிக்கில் முதல் மார்க். மகள் வயிற்றுப் பேரன் கேரம் போட்டியில் கோப்பை வாங்கினான். காலடிப்பேட்டையில் வீடு வீடாக லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. காசிமேட்டில் என் சம்மந்தி ஸ்டெல்லா தூக்கத்திலேயே போய்விட்டாள். முதல் லட்டு அவளுக்குப் போயிருக்க வேண்டும்.

இந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவளைத் தெரிந்த உங்களிடமெல்லாம் நான் சொல்லி வைத்தது ஒன்றுதான்: வளைகாப்பில் வளையல் உடைத்தவள். மீதியை இன்று சொல்கிறேன்.

ஜெனி வயிற்றில் இருந்தபோது என் மருமகள் அமலாவுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. கை வீங்கி வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டு ஏற்றினேன். "தலை வலிக்குது அத்தை" என்றாள். பூ பாரம் என்றேன். மீன் விற்றுவிட்டுத் தாமதமாக வந்த ஸ்டெல்லா, மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா சம்மந்தி, மூஞ்சிகூட வீங்கிகீது. இவளைப் பெத்தப்போ எனக்கும் இப்டிதான். அப்பால ஃபிட்ஸ் வந்திச்சு."

"நான் அஞ்சு பெத்தவ. ஒண்ணோட நின்னவ எனக்குச் சொல்றியா?"

கூட்டமே சிரித்தது. அவள் தன் முந்தானையை மகளின் கையில் சுற்றி, வளையல்களை நெரித்து உடைத்தாள். அபசகுனம் என்று நான் கத்தக் கத்த, மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாயங்காலம் ஆபரேஷன் செய்து ஜெனியை எடுத்தார்கள்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருந்தது. தலைச்சன்லதான் இது அதிகமா வரும். அவங்க அம்மாவுக்கு வேற வந்திருக்கு. உங்க அஞ்சு பிரசவத்தை வெச்சு இவளை எடை போடாதீங்கம்மா."

அப்போதும் ஸ்டெல்லாவிடம் நான் இறங்கிப் பேசவில்லை. ஜெனியின் ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலிலேயே வளையல் பேச்சை எடுத்தேன்.

"கண்ணாடி வளையலுக்கா இவ்ளோ பேஜாரு? டஜனா வாங்கித் தரேன், அழாத சம்மந்தி" என்று சிரித்தாள். மறுவாரம் நிஜமாகவே வாங்கி வந்தாள். நான் பிரிக்கவே இல்லை.

இப்போது எந்த வளைகாப்புக்குப் போனாலும் முதலில் பெண்ணின் விரல்களைப் பார்க்கிறேன். சோப்பு கேட்பவர்களிடம், பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். அது ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது. நீ செய்ததுதான் சரி என்று அவளிடம் மட்டும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஜெனி, குரூப்பில் நீ போட்டிருக்கும் படத்தில் என் தோள் உன் ஸ்டெல்லா ஆயாவின் பாதி முகத்தை மறைக்கிறது. அதை எடுத்துவிடு. அவள் முகம் முழுசாகத் தெரிகிற வேறு படம் போடு.