குருட்டு ஆடு இல்லாத படம்

போன சனிக்கிழமை மாலை, செம்பூர் வீட்டில் மகள் டிவியில் ஒரு கிரேக்கப் புராணப் படம் போட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்களாம். திரும்ப எடுத்தது என்றாலே எனக்குச் சந்தேகம்தான். ரிப்பேருக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கும்போது, மூடியைக் கழற்றி உள்ளே இருப்பது என்னுடைய மிஷின்தானா என்று காட்டச் சொல்கிற ஆள் நான். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

கதை இதுதான். தலைமுடிக்குப் பதில் பாம்புகள் நெளிகிற ஒருத்தி. அவள் கண்ணைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். அவள் தலையைக் கொண்டுவர ஒரு வாலிபன் போகிறான். பழைய படத்தில் அந்தப் பாம்புகள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விட்டுவிட்டு அசையும். யாரோ கையால் நகர்த்தியிருக்கிறார்கள் என்று தெரியும். புதியதில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போயின. அவ்வளவு நைஸாகப் போனால் அங்கே எதுவுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடிந்ததும் ஒன்பது வித்தியாசங்களை வாசித்துக் காட்டினேன். மகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“அவ்ளோதானா, இன்னும் இருக்காப்பா?”

“ஒரு குருட்டு ஆடு. ஆனா அது பழைய படத்துலயும் கிடையாது. ஒருத்தர் கட்டிவிட்டது.”

அந்த ஒருத்தர் சுடலைமுத்து. எங்கள் ஆபீஸில் தபால் பிரிவு அட்டெண்டர், திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவருக்கு வேறொரு வேலை இருந்தது. தாராவியில் ஒரு தோல் பட்டறையின் மாடியில் வீடியோ ஹால். இங்கிலீஷ் படம் போட்டால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுடலைமுத்து தமிழில் கதை சொல்வார். கீழேயிருந்து தோல் வாசனை ஏறி வரும். இன்றைக்கும் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

“சார், நீங்களும் ஒருநா வாங்க” என்று கூப்பிட்டார். அப்போது குடியிருந்த மாட்டுங்காவிலிருந்து நடந்தே போனேன். சட்டைப் பையில் டைரி.

அன்றைக்கு ஓடியது அந்தப் பழைய படம்தான். வாலிபன் அவள் இருக்கிற தீவுக்குப் போகிற கட்டம். சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொம்பளைக்குத் தொணைன்னு இருந்தது ஒரு ஆடுதான், பாத்துக்கிடுங்க. குருட்டு ஆடு. கண்ணு தெரியாததால அது மட்டும் கல்லாவல. ராத்திரி அவ மடியில தல வச்சுத்தான் ஒறங்கும். நாளைக்கு அவ இருக்க மாட்டா. இந்த ஆடு யாரைத் தேடும்?”

ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் திரையைப் பார்த்தேன். அங்கே வாலிபன் படியேறிக்கொண்டிருந்தான். ஆடு இல்லை, அவளும் இல்லை.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். “ஆடு எங்கே வந்தது? நான் பார்க்கவில்லையே.”

“நான் தேட்டர்ல பாத்தேன், சார்.”

“எந்தத் தியேட்டர்? என்றைக்கு?”

அவர் ஹால் முதலாளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தேதி சொல்ல முடியாதவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அன்றைய டைரியில் “ஒரு புளுகைக் கண்டுபிடித்தேன்” என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன், மறுபடி சரிபார்க்க. வேறு படம். சுடலைமுத்து வாயைத் திறந்ததும் பின்னாலிருந்து ஒருவன், “ஏ சுடலை, இதுல உன் ஆடு எப்பம்டே வரும்?” என்றான். இன்னொருவன் ஆடு மாதிரி கத்தினான். ஹாலே சிரித்தது. அவர் கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ‘மே’. பிறகு எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்கப்புறம் அங்கே ஹிந்திப் படம்தான் ஓடியது. ஆபீஸில் என் மேஜையில் தபாலை வைப்பார். “சார்” மட்டும் சொல்ல மாட்டார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார்.

இதைச் சொல்லி முடித்தபோது மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். “பழைய படமும் இருக்குப்பா. போட்டே பாத்துடலாம்.”

வாலிபன் படகிலிருந்து இறங்கினான். காட்சி மாறியது. ஒரு குகை. தரையில் அவள். அவள் மடியில், வெளுத்த கண்களோடு ஒரு ஆடு.

“அப்பா, ஆடு இருக்கே.”

மறுபடி போடச் சொன்னேன். மூன்றாம் தடவை அவள் ரிமோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். ஆடு மூன்று தடவையும் இருந்தது. சுடலைமுத்து சொன்னதற்கு மேலே ஒரு வரி கிடையாது, கீழே ஒரு வரி கிடையாது.

பரணிலிருந்து அந்த வருஷத்து டைரியை இறக்கினேன். கோடு போட்ட வரிக்கு மேலேயே என் கையெழுத்தில் இருக்கிறது: “பாதியில் படம் ஒருமுறை குதித்தது. வெள்ளைக் கோடுகள்.” அந்த நாளில் கேசட்டை மிஷின் கடித்துவிட்டால், கசங்கிய நாடாவை வெட்டியெறிந்துவிட்டு முனைகளை ஒட்டி ஓட்டுவார்கள். வெட்டிப்போன இடத்தை சுடலைமுத்து தன் ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கிறார். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் நடுவில், கேசட் வெட்டுப்பட்டது என்று முதலாளி முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். மேல் வரியையும் கீழ் வரியையும் சேர்த்துப் படிக்கவில்லை.

மறுநாள் தாராவிக்குப் போனேன். பட்டறை இருந்த சந்தில் தகரத் தடுப்பு, உள்ளே கிரேன். எதிரே டீக்கடையில் என் வயதுக்காரர் ஒருவர் யோசித்துப் பார்த்துவிட்டு, “சுடலைமுத்தா? தபால் ஆபீஸுல இருந்தாரே, அவரா?” என்றார்.

“தபால் ஆபீஸ் இல்லை. எங்கள் ஆபீஸில் தபால் பிரிவு” என்று திருத்தினேன். திருத்தாமல் இருந்திருக்கலாம்.

“நல்லாக் கத சொல்லுவாராம்லா. என்னமோ ஒரு சிரிப்பாப்போச்சுன்னு விட்டுட்டாரு. பொறவு கோவண்டிக்குப் போனாவ. அங்க இருந்து எங்கனு தெரியல. அவரப் பாத்தா நீங்க யாருன்னு சொல்ல?”

“கூட வேலை பார்த்தவன்” என்றேன். பேர் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் அடியில் வசனம் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் குதிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் தேவைப்படவில்லை.