புளி போட்டுத் துலக்கிய பாவை விளக்கு

ஜெபகுமாரி பதினோரு வருடமாகத் தினக்கூலி. வடசேரிப் பக்கம் மன்னர் காலத்து உப்புக் கிடங்கில் இருக்கிற அருங்காட்சியகத்தில் அவள் காவலுக்கு உட்காராத அறை இல்லை. திமிங்கல எலும்பு எத்தனை அடி, தேர்ச் சிற்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பழைய வெண்கலத்தைத் துலக்கக்கூடாது என்று மட்டும் ஒரு மகராசனும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குக் கலெக்டர் வருகிறார் என்றதும், "எல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்றார் காப்பாட்சியர் மரியஜான். அவர் கண்ணாடிப் பெட்டிகளைச் சொன்னார். விழா முடிந்ததும் ஜெபகுமாரியை நிரந்தரமாக்கும் ஃபைலில் கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவள் முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்திருந்த முந்நூறு வருடத்து வெண்கலப் பாவை விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு வீட்டுச் செம்பைத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டாள்.

காலையில் அதை முதலில் பார்த்தவர் ராத்திரிக் காவலாளி வைகுண்டராஜன்.

"ஏட்டி, என்னத்தக் காட்டி வச்சிருக்கே? அந்தப் பச்சைதான் அதுக்க வயசுக்குச் சாட்சி. அதப் பாக்கத்தானே மெட்ராஸ்லேர்ந்து ஆபீசருமாரு வருசா வருசம் வாறாவ!"

"களிம்புன்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி!"

இனி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் போன பச்சை வராது. அதற்குள் மரியஜான் வந்துவிட்டார். விளக்கைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. பெட்டிக்கு இரண்டே சாவி. ஒன்று ஜெபகுமாரியிடம், மற்றது காவலாளியிடம். மரியஜான் நேரே காவலாளியிடம் திரும்பினார்.

"ராத்திரி முழுக்க இங்க கிடந்தது நீருதானே? மூணு மாசத்துல ரிட்டயர்டு. பென்ஷன் வேணுமா, வேண்டாமா வே?"

வைகுண்டராஜன் தரையைப் பார்த்தார், ஜெபகுமாரி பக்கம் திரும்பவில்லை. அவள் பேசாமல் நின்றால் போதும், சாயங்காலம் கையெழுத்து விழுந்துவிடும். அந்த ஆசை அவளுக்கு வரவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார்."

"நீயா? எதப் போட்டுத் தேச்சே?"

"புளி சார்."

மரியஜான் ஒன்றும் திட்டவில்லை. அறைக்குப் போய், அடுக்கிலிருந்து ஒரு ஃபைலை மட்டும் உருவி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். எந்த ஃபைல் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குக் கலெக்டர் அம்மா வந்தார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பாவை விளக்கின் முன்னால் நின்றுவிட்டார்.

"மத்ததெல்லாம் கறுத்துக் கிடக்கு. இது மட்டும் எவ்வளவு அழகா இருக்கு! யாரு இதைப் பராமரிக்கிறது?"

மரியஜான் பதில் சொல்ல வந்தார். அதற்குள், இன்னும் வீட்டுக்குப் போகாமல் நின்ற வைகுண்டராஜன் முந்திக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைதான் மேடம். பதினோரு வருஷமா."

கலெக்டர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். ஜெபகுமாரி கை கொடுக்கவில்லை.

"கெடுத்ததும் நான்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.