எட்டுக்கு வைத்த பீட்சா

மச்சான் செத்த எட்டாம் நாள் காலையில், முற்றத்துப் பந்தலுக்குக் கீழே பீட்சாவைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கியது. நான் ஒரு ஓரமாக இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கடைப் பீட்சா என்ற கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். அதைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்கிருக்கும் இடம் போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது.

மச்சான் என் மனைவியின் தமையன். உருத்திரபுரத்தில் வயலும், நெல் ஏற்றும் லொறி ஒன்றும் வைத்திருந்தார். பதின்மூன்று வருடமாக அந்த லொறியை நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்து வருவார். என் தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து கூலி வேலை செய்தவர்கள். மனைவியின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்துக் குடியேறியவர்கள். நாங்கள் விரும்பிக் கலியாணம் செய்தபோது ஆறு மாதம் அந்த வீட்டில் ஒருவரும் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பொங்கலன்று மச்சான்தான் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம் என்னைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஏதாவது வேலையை இழுத்து வைத்துச் செய்துகொண்டிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் கம்பி வைத்தார்கள். மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றிலிருந்து அக்கா கறிக்கு உப்பை அளந்து போட்டார். தேங்காய்ப்பால் நின்றது. இறைச்சி நின்றது. இராச் சாப்பாடு குரக்கன் புட்டு என்று ஆனது. கொழுப்பு, சீஸ் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதை என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, வீட்டுக்குள்ள நான் பாப்பன். வெளியில நீர்தான் பாக்கவேணும்."

"ஓம் அக்கா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்போம். மீன், இறைச்சி, குடிக்கிறவர் என்றால் கால்போத்தல் சாராயம், வெற்றிலை போடுகிறவர் என்றால் வெற்றிலை. எல்லாவற்றையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்போம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். விருப்பமானது இலையில் இல்லாவிட்டால் ஆறாமல் வாசலிலேயே நிற்பார் என்று ஆட்கள் சொல்வார்கள். அடுத்த நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சேராது. ஆகவே அந்த ஒரு இலையில் ஒன்றும் தவறக்கூடாது. அக்கா விளைமீன் குழம்பு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல் என்று எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் "பீட்சாவும் வைக்கவேணும். அந்தாள் அதுக்கு நல்லா ஏங்கினது" என்றார்.

அதோடு பந்தலில் கதை சூடாகியது.

வவுனியாவில் கந்தோரில் வேலை செய்யும் மச்சானின் மகன் முதலில் சொன்னான். "வவுனியாக் கடைதான். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால. கம்பி வைக்கிறதுக்கு முன்னம் மாசாமாசம் நான் கொண்டுவந்தனான். கடைசித் துண்டை அப்பா ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார்."

மச்சானின் மருமகனுக்குக் கிளிநொச்சியில் ஃபோன் கடை. அவர் சிரித்தார். "நீ பஸ்ஸில கொண்டுவந்து சேர்க்கிறதுக்குள்ள அது செருப்புத் தோல் மாதிரிப் போயிடும். மகன் கொண்டுவந்ததெண்டு மாமா முகம் சுளிக்காமச் சாப்பிட்டவர்."

"அத்தான், உங்கட கிளிநொச்சிக் கடையில போடுறது பீட்சாவோ? பாணில சோஸைப் பூசிப்போட்டு, கோழியை ஒருக்கா மேலால பறக்கவிட்டு எடுக்கிறாங்கள்."

"உனக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் இருந்தாச் சரி. சாப்பாடு எப்பிடி இருந்தாலும் ருசிக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "முல்லைத்தீவில ஒண்டு சாப்பிட்டனான், கணவாய் போட்டது. இழுத்தன் இழுத்தன், வருகுதில்லை. கடைசியில பெட்டியைத்தான் கடிச்சிருக்கிறன் போல" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு எது பிடிக்கும் எண்டு மகன் எனக்குத் தெரியாதோ? நேற்று வந்த ஆக்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

"ஆர் நேற்று வந்தது? ஒன்பது வருசமா இந்த வீட்டு வாசல்படி மிதிக்கிறன்."

மருமகன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அக்கா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"செத்த மனுசனுக்கு வைக்கிற சாப்பாட்டுக்கோ அடிபடுறியள்? தெரியாட்டி வைக்காமலே விடுங்கோ. பிழையானதை வைச்சு அந்தாளை வாசலில நிக்கவைக்காதேங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர்தானே எந்நேரமும் அவரோட திரிஞ்சனீர். இந்தக் கடை, அந்தக் கடை எண்டு ஏதும் வாய்விட்டவரோ?"

கத்தி வெங்காயத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

எனக்குத் தெரியும். அது உடையார்கட்டில் ஒரு சின்னப் பேக்கரி. புருஷனும் பெண்சாதியும் நடத்துகிறார்கள். பின்னேரப் பாண் எடுத்த பிறகு, போறணையில் மிச்சமிருக்கும் சூட்டில் அந்தப் பெண் ஆறு ஏழு பீட்சா சுடுவார். அந்தப் பக்கம் நெல் ஏற்றப் போன ஒரு நாள் அதன் மணம் லொறிக்குள் வந்தது. மச்சான் நிப்பாட்டச் சொன்னார். "வேண்டாம் மச்சான், அக்காவுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றேன். "ஒரு துண்டு. நீ ரோட்டைப் பார், என்னைப் பாராத" என்றார். பிறகு ஒரு துண்டு பாதியானது, பாதி முழுசானது. ஒன்றரை வருடம், ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லொறியை நிப்பாட்டியதும் நான்தான்.

கடைசியாக அங்கே போனது அவர் சாவதற்கு முதல்நாள். அடுத்த நாள் காலை கிணற்றடியில் வாளியோடு விழுந்தார். அந்தப் பீட்சாதான் கொண்டுபோனதா என்று டொக்டரிடம் கேட்க எனக்கு ஆசை. கேட்பதென்றால் முதலில் சொல்ல வேண்டும்.

கடைசியில் கிளிநொச்சிக் கடை என்று முடிவானது. வவுனியாவுக்குப் போய்வர நேரமில்லை. மகன் "வையுங்கோ, உங்கட பாணை வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வழக்கம்போல எடுத்துவர என்னை அனுப்பினார்கள். இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன்.

கிளிநொச்சிக் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே நின்றேன். உள்ளே போய் ஒன்றைக் கேட்டு வாங்கினால் அரை மணித்தியாலத்தில் வீட்டில் நிற்கலாம். அக்காவுக்குச் சொன்ன பொய் அப்படியே கிடந்துவிடும். ஆனால் அதை இலையில் வைத்தால் மச்சான் என்ன நினைப்பார் என்ற எண்ணம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பொய் சொல்லலாம், நாளைக்குத் திருத்தலாம். அவருக்கு இன்று ஒரு இலைதான். நான் சைக்கிளைத் திருப்பி, பரந்தன் பக்கம் விட்டேன்.

தருமபுரம் தாண்டும்போது நேரம் மூன்றாகிக்கொண்டிருந்தது. உடையார்கட்டில் போறணைக்குள் இன்னும் பாண் இருந்தது. பேக்கரிக்காரப் பெண் என்னைக் கண்டதும் ரோட்டைப் பார்த்தார்.

"எங்க லொறி? ஐயா வரேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"அவருக்குப் போடுற மாதிரி இறால் கூடப் போடட்டோ?"

"ஓம். போடுங்கோ."

முக்கால் மணித்தியாலம் கடை வாசலில் கிடந்த வாங்கில் இருந்தேன். ஃபோன் அடித்தது. மருமகன்.

"மாமா, எங்க நிக்கிறியள்? கடைக்கு ஃபோன் எடுத்துக் கேட்டனான். நீங்கள் அங்க வரவே இல்லையாம்."

"வந்துகொண்டிருக்கிறன்."

"எங்க இருந்து?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது நாலு தரம் அடித்தது. எடுக்கவில்லை.

நான் திரும்பி வரும்போது வெயில் சரிந்திருந்தது. முன் விறாந்தையில் எல்லோரும் நின்றார்கள். உள்ளே படத்துக்கு முன்னால் இலை போட்டு, கறிகள் வைத்தாயிற்று. இலையின் வலப்பக்கம் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. மருமகன் என் கையிலிருந்ததைப் பார்த்தார். கிளிநொச்சிக் கடையில் படம் அடித்த பெட்டி தருவார்கள். என்னிடம் இருந்தது நூலால் கட்டிய வெறும் கேக் பெட்டி.

"இது எங்கத்தையான்?" என்றார்.

அக்கா பெட்டியை வாங்கி, நூலை அவிழ்த்துத் திறந்தார். "இறாலோ? ஆர் இறால் போடச் சொன்னது?"

அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாக ஒருநாளும் கதைத்ததில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அக்கா, காலமை நான் பொய் சொன்னனான். மச்சானுக்குப் பிடிச்சது இதுதான். உடையார்கட்டில ஒரு பேக்கரி. நெல்லேத்தப் போகேக்க நான்தான் லொறியை நிப்பாட்டுறனான்."

"கம்பி வைச்சதுக்குப் பிறகோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை."

"கடைசியா?"

"சாகிறதுக்கு முதல்நாள்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் படியில் ஏறி எனக்கு முன்னால் வந்தான். "மாமா, அம்மா உங்களை நம்பித்தானே விட்டவா. உங்களை மனுசனெண்டு இந்த வீட்டுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை. அவன் எதைச் சொல்ல வந்தான் என்று எல்லோருக்கும் விளங்கியது.

"பொறு" என்றார் அக்கா. "பொழுது படுது."

அவர் பெட்டியோடு உள்ளே போய், பீட்சாவை முழுசாக எடுத்து இலையின் வெறும் இடத்தில் வைத்தார். விளக்கைத் தூண்டிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். நாங்கள் முற்றத்தில் நின்றோம். எனக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மனைவியும் பெண்களோடு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பகிடி ஒன்றும் விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவர் சாப்பிடட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

கதவு திறந்தபின் படைத்ததை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். பீட்சாவை யாரும் தொடவில்லை. அக்கா ஒரு துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"எப்பிடிச் சாப்பிட்டவர்?"

எனக்கு விளங்கவில்லை.

"அவர் சாப்பிட்ட மாதிரிச் சாப்பிட்டுக் காட்டும்."

நாலு பேர் பார்க்கச் சாப்பிடவே எனக்குக் கூச்சம். கோப்பையை வாங்கினேன். மச்சான் முதலில் இறாலை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஓரத்தில் அடுக்குவார். நானும் கிள்ளி அடுக்கினேன். பிறகு தடித்த கரையிலிருந்து உள்ளே கடித்துக்கொண்டு போவார். ஆறிப்போய்க் கரை இறுகியிருந்தது. கடித்தேன். நுனி மிஞ்சும்போது எல்லா இறாலையும் அதற்குள் வைத்து, வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து, ஒரேயடியாக வாய்க்குள் போட்டு, கண்ணை மூடிக்கொள்வார். நானும் மூடினேன். திறந்தபோது அக்கா அசையாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான்.

"சாப்பிட்டிட்டுச் சிரிக்கிறவரோ?"

"ஓம் அக்கா."

அக்கா வெறும் கோப்பையை என்னிடமிருந்து வாங்கினார். "என்ர சாப்பாட்டுக்கு ரெண்டு வருசமா ஒருநாளும் சிரிக்கேல்லை" என்றார். குரல் உயரவில்லை. பிறகு, "லொறித் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போம்" என்றார்.

நான் சாவியை எடுத்து வைத்தேன். என் மனைவி தமையனின் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள்.

அந்தியேட்டிக்குப் போனேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இப்போது வேறொருவரின் உழவு மெஷின் ஓட்டுகிறேன். லொறியை மகன் விற்றுவிட்டான். அக்கா கோயிலில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தப் பீட்சாவின் மிச்சத்தை அன்று அவர் யாருக்கும் கொடுக்காமல் குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்று பிறகு மனைவி சொன்னாள்.