மைக்கை அமத்தினால் காது அடைபடும்

போன ஞாயிறு காலை என் வீட்டு றேடியோ அறையில் ஒரு 'ஓம்' செய்த வேலையை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பின் வளவில் ஒரு கமுகு, அதன் உச்சியில் ஏரியல், அறையில் லைசென்ஸ் எடுத்த செட். ஞாயிறுதோறும் கோயிலால் வந்து, பூசிய திருநீறு காய முன்னமே அதன் முன்னால் குந்திவிடுவேன். உள்ளூரும் வெளியூருமாக ஏழெட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் கூடிக் கதைப்போம். அதற்கு 'நெற்' என்று பெயர். இன்னார் இப்போது கதைக்கலாம் என்று முறை சொல்ல ஒருவர் வேண்டும். அது என் தலையில் விழுந்திருக்கிறது. படிப்பு எட்டாம் வகுப்பு... பதவி பெரிது!

அதில் என்ன பெரிய முறை என்கிறீர்களா? இணுவில் கோயிலில் புராணப் படிப்புக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பாட்டைப் படிப்பார். அவர் முடிக்கும்வரை காத்திருந்துதான் மற்றவர் அதற்குப் பொருள், அதாவது பயன், சொல்வார். நெற்றும் அவ்வளவுதான். மைக்கின் விசையை விரலால் அமத்திப் பிடித்தால்தான் நாம் கதைக்கலாம். ஆனால் அமத்தியிருக்கும்வரை நமக்கு ஒன்றும் கேட்காது. அதைவிட மோசம் — பக்கத்தூர்க்காரர் அமத்தினால், தூரத்திலிருந்து மெல்லியதாக வரும் குரல் மற்றவர்களுக்கும் அமுங்கிப்போகும். அதனால்தான் ஒருவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டு அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் அவசரச் சேதி உள்ளவர் புகுந்து சொல்லலாம். பாவம், யாருக்கு என்ன அவசரமோ?

அச்சுவேலி முருகேசு அண்ணை அண்மையில்தான் நெற்றுக்கு வந்தவர். புகையிலை வியாபாரி. தங்கமான மனிதர். ஆனால் யார் கதைத்தாலும், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான "ஓம்... ஓம்..." போடாமல் அவருக்குக் கேட்கத் தெரியாது. அதில் என்ன பிழை? எங்கள் ஊரில் ஓம் போடாமல் இருந்தால், "என்ன, என்னோடை கோவமோ?" என்றல்லவா கேட்பார்கள்! அண்ணை ஒவ்வொரு ஓமுக்கும் விசையை அமத்துவார். அதுதான் பிழை.

"அண்ணை, ஓமை மனசுக்குள்ளை போடுங்கோவன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஓம் தம்பி, ஓம்... ஓம்."



போன கிழமை காற்றும் மழையும் தொலைபேசிக் கம்பிகளை அறுத்துவிட்டன. திருகோணமலையில் என் மனைவி மங்களத்தின் தங்கை பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில். 'கொஞ்சம் கஷ்டமான பேறு' என்பதுதான் கடைசியாக வந்த சேதி. மங்களம் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு நேர்ந்துவிட்டு, வெறும் தண்ணீரோடு இருந்தாள். சனிக்கிழமை செட்டில் ராஜனைப் பிடித்தேன். அவர் திருகோணமலை நெற் நண்பர். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து ஞாயிறு காலை சொல்வதாக ஒப்புக்கொண்டார். அங்கே கரண்டும் இல்லை. கார் பற்றரியில்தான் அவருடைய செட் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு நெற் தொடங்கியதும் முதல் முறையை ராஜனுக்குக் கொடுத்தேன். மங்களம் என் கதிரையின் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். இரைச்சலுக்குள்ளே ராஜனின் குரல் நூலாக வந்தது.

"பொம்பிளைப் பிள்ளை... பிள்ளை சுகம். தாய்க்குத்தான்..."

"ஓம்! ஓம்! ஓம்!"

அச்சுவேலி ஓம். சந்தோசத்தில் வந்த ஓம். ராஜனின் குரல் அதற்குள் மூழ்கிப்போயிற்று.

அதோடு முடிந்ததா? எல்லோருக்கும் அக்கறை பொங்கிவிட்டது. "தாய்க்கு என்னவாம்?" "ராஜன், திருப்பிச் சொல்லுங்கோ!" "முருகேசு அண்ணை, கையை எடுங்கோ!" ஆளுக்காள் அமத்தினார்கள். செட்டுக்குள் சந்தை கூடியது.

"எல்லாரும் மைக்கை வையுங்கோ. ராஜன் மட்டும்" என்று சொல்லிவிட்டு நானும் கையை எடுத்தேன்.

இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"இஞ்சாருங்கோ, ஏன் பேசாமல் இருக்கிறியள்? கேளுங்கோவன்!"

"நான் கேட்டால் அவர் சொல்லுறது எனக்குக் கேக்காது, மங்களம்."

"அவரின்ரை பற்றரி முடிஞ்சு போச்சுதோ?"

எனக்கும் அந்தப் பயம்தான். விரல் விசையைத் தேடியது. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு முருகனை நினைத்தேன். நெற்றில் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. முருகேசு அண்ணையும்தான்!

பிறகு வந்தது, முன்னையிலும் மெல்லியதாக.

"தாய்க்கு இரத்தம் ஏத்தினவை. இப்ப சுகம். கண் முழிச்ச உடனை, 'அக்கா சாப்பிட்டவவோ?' எண்டு கேட்டவவாம். பற்றரி இறங்குது... வைக்கிறன்."

மங்களம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மற்றவர்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டேன். எல்லோரும் மறுமொழி சொன்னார்கள். அச்சுவேலியிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

பின்னேரம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. முருகேசு அண்ணை! கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், நல்ல கப்பல் இனம். உள்ளே வராமல் மங்களத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை, என்ரை வாயாலை உன்ரை உயிரைப் பாதி எடுத்துப்போட்டன்..."

"விடுங்கோ அண்ணை. தங்கைச்சிக்குச் சுகம்தானே! வந்து இருங்கோ, முழுக்கச் சொல்லுறன்" என்றாள் மங்களம்.

காற்று அடித்ததிலிருந்து தொடங்கினாள். கம்பி அறுந்தது, நேர்த்தி வைத்தது, இரத்தம் ஏற்றியது, 'அக்கா சாப்பிட்டவவோ' வரைக்கும்... ஒவ்வொன்றுக்கும் அண்ணை தலையை ஆட்டி ஆட்டி, "ஓம் பிள்ளை... ஓம்... ஓம்..." என்றார். ஒரு ஓம் குறையவில்லை. அவளுக்கும் அது தேவையாய்த்தான் இருந்தது.

எனக்கும் நடுவில் சொல்ல ஒன்றிரண்டு இருந்தன. சொல்லவில்லை.

முறை அவளுடையது அல்லவா!